புரொஜெக்டர் வாங்கலாமா? மாமாவுக்குப் போட்டுக் கொடுத்த ஒரு கணக்கு

போன தடவை பருத்தி விலை, அதுக்கு முந்தி பஸ் பயணம்னு எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் எந்திர சமாசாரம். பி.காம் படிக்கிறவனுக்கு புரொஜெக்டர் பத்தி என்ன தெரியும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கடைசியில இது வெளிச்சத்துல ஆரம்பிச்சு வரவு செலவுல முடியற விஷயம், அதனால தைரியமா எழுதறேன்.

எங்க ஊர் கெலவரப்பள்ளி. ஓசூர் பக்கம் தென்பெண்ணை ஆத்துல அணைக்கட்டு இருக்கே, அதே ஊர்தான். மழைக்காலத்துல பெங்களூர் கழிவுத் தண்ணி வந்து நுரை பொங்கி நிற்கும், செய்தியில காட்டுவாங்களே, அந்த அணை. ஒரு பக்கம் ரோஜாத் தோட்டம், இன்னொரு பக்கம் தொழிற்சாலை. தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து ஓடும். இப்போ இந்தியும் ஒடியாவும் சேர்ந்தாச்சு.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) சிப்காட் பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைஞ்சு கொடுக்கிற ஜாப் ஒர்க். பதினோரு பேர் வேலை பார்க்கிறாங்க. ஒரு நாள் என்கிட்ட, "மாப்ள, ஒரு சின்ன புரொஜெக்டர் வாங்கலாம்னு இருக்கேன். பட்டறையில ஆளுங்களுக்கு டிராயிங் காட்டி வேலை சொல்லித் தரலாம், ஆர்டர் கொடுக்கிறவங்க ஆடிட்டுக்கு வந்தா அவங்களுக்கும் காட்டலாம். ராத்திரி வீட்டுல படம் பார்த்துக்கலாம். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு"ன்னார். ஒதுக்கின தொகை 25,000 ரூபாய்.

கேட்க சின்னத் தொகை மாதிரி இருக்கும். ஆனா அந்த மாசம் மாமாவோட பில் ஒண்ணு ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) நாள் கடந்து நின்னுச்சு. சிறு தொழில்காரங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுத்துடணும்னு 2006லயே சட்டம் வந்தாச்சு. சட்டம் சட்டத்தோட வேலையைப் பார்க்குது, கம்பெனி கம்பெனியோட வேலையைப் பார்க்குது :) பில் வர்ற வரைக்கும் சம்பளம் போட மாமா கையில இருந்த ரொக்கமே கொஞ்சம்தான். அதுல இருந்துதான் இந்த 25,000. அதனால எடுத்தோம் கவிழ்த்தோம்னு சொல்லிட முடியலை.

முதல்ல ஒரு பழைய கதை

புரொஜெக்டரைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் தொழில் பண்றது நம்மாளுங்களுக்குப் புதுசு இல்லை. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில ரயில்வே ஊழியரா இருந்தார். 1905ல டூபாண்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பற அவசரத்துல இருந்தப்போ, அவர்கிட்ட இருந்து புரொஜெக்டரையும் படச்சுருளையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராப் படம் காட்டினார். 1914ல கோவையில வெரைட்டி ஹால்னு நிரந்தரத் தியேட்டரே கட்டிட்டார். பின்னாடி டிலைட்னு பேர் மாறினது அதுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, வின்சென்ட் வாங்கின மெஷின் ராத்திரிக்கு ராத்திரி காசு சம்பாதிச்சுது. ஒரு சொத்து எத்தனை மணி நேரம் உழைக்குதுங்கிறதுதான் அதோட விலையை நியாயப்படுத்தும். மாமாவோட புரொஜெக்டர் எத்தனை மணி நேரம் உழைக்கும்? இதைக் கடைசியில பார்ப்போம்.

லூமன்ஸ்ங்கிற மாய எண்

ஆன்லைன்ல பார்த்தா எட்டாயிரம் ரூபாய் புரொஜெக்டர்லயே "9,000 லூமன்ஸ்"னு போட்டிருக்கு. ஆபீஸ்ல மாட்டுற பெரிய புரொஜெக்டர்ல 3,000தான் இருக்கு. அப்போ சின்னது மூணு மடங்கு பிரகாசமா? இல்லவே இல்லை. ஆன்சி லூமன்ஸ்னு ஒரு அளவு முறை இருக்கு. சுவர்ல விழற வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்குல அளந்து, சராசரியை எடுத்து, படத்தோட பரப்பளவால பெருக்கணும். அதுதான் நிஜமா வெளிய வர்ற ஒளி. "ஆன்சி"ங்கிற வார்த்தை இல்லாம வெறும் லூமன்ஸ்னு போட்டிருந்தா அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

நாங்களே அளந்து பார்த்தோம். கருவி எல்லாம் இல்லை, போன்ல இருக்கிற லக்ஸ் செயலிதான். துல்லியம் கம்மி, ஆனா மூணு மெஷினையும் ஒரே போன்ல அளந்தா ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 80 இன்ச் அகலத்திரைப் படம்னா அகலம் 1.77 மீட்டர், உயரம் 1 மீட்டர். பரப்பு 1.76 சதுர மீட்டர்.

1. நண்பன்கிட்ட இரவல் வாங்கின "9,000 லூமன்ஸ்" மெஷின்: சராசரி 70 லக்ஸ். 70ஐ 1.76ஆல பெருக்கினா 123 லூமன்ஸ். ஒன்பதாயிரம் எங்க, நூத்து இருபத்து மூணு எங்க!

2. நண்பனோட அண்ணன் வெச்சிருக்கிற எல்இடி புரொஜெக்டர், முழு எச்டி, விலை 24,000: சராசரி 300 லக்ஸ். அதாவது 528 லூமன்ஸ்.

3. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல பார்த்த பழைய ஆபீஸ் புரொஜெக்டர், விளக்கு வெச்சது, 12,000 சொன்னாங்க: பழைய சதுரப் படம், பரப்பு சுமார் 2 சதுர மீட்டர், 900 லக்ஸ். கிட்டத்தட்ட 1,800 லூமன்ஸ். பழசானாலும் யானை யானைதான்.

இன்னொண்ணு: படத்தைப் பெரிசாக்கினா வெளிச்சம் பரவி மங்கிடும். 80 இன்ச்ல இருந்து 120 இன்ச்சுக்குப் போனா பரப்பு 2.25 மடங்கு. 300 லக்ஸ் 133 ஆயிடும். "200 இன்ச் வரை தெரியும்"னு விளம்பரத்துல போடறது பொய் இல்லை, தெரியும்... பேய் மாதிரி தெரியும்.

கருப்பு எங்க இருந்து வருது?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். புரொஜெக்டரால கருப்பை அடிக்க முடியாது. வெளிச்சம் அடிக்காம விட்ட இடம்தான் கருப்பு. அப்போ அந்தச் சுவர்ல ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் விழுதோ, அதுதான் உங்க கருப்பு.

மாமா பட்டறையில கூரையில நடுநடுவே கண்ணாடி மாதிரி ஷீட் போட்டிருக்கு. பகல்ல அந்தச் சுவர்ல 250 லக்ஸ். 24,000 ரூபாய் மெஷின்ல வெள்ளை 300+250=550, கருப்பு 250. வித்தியாசம் 2.2 மடங்குதான். டிராயிங்ல இருக்கிற மெல்லிசுக் கோடு எதுவும் தெரியலை. இரவல் மெஷின்ல 1.3 மடங்கு கூட வரலை, படம் ஓடுதா இல்லையான்னே சந்தேகம். பழைய ஆபீஸ் மெஷின்ல 4.6 மடங்கு, படிக்க முடிஞ்சுது.

அப்புறம் மேல ஒரு கருப்புத் தார்ப்பாய் கட்டினோம். சுவர் வெளிச்சம் 40 லக்ஸுக்கு இறங்கிடுச்சு. அதே 24,000 மெஷின்ல இப்போ 340க்கு 40, எட்டரை மடங்கு. அதாவது, மூணு மடங்கு பவர் உள்ள மெஷினால தர முடியாததை ஒரு தார்ப்பாய் தந்துச்சு. பெரிய புரொஜெக்டருக்குக் காசு போடறதுக்கு முந்தி, இருட்டுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பாருங்க.

ஆனா பட்டறையில இருட்டு ஆபத்து. லேத் ஓடற இடத்துல தார்ப்பாயை மூடிட்டு வகுப்பு எடுக்க முடியாது, எல்லா மெஷினையும் நிறுத்தணும். நிறுத்தினா உற்பத்தி நஷ்டம். இதையும் செலவுக் கணக்குல சேர்க்கணும்.

வாங்கும் முன்னாடி பார்க்க வேண்டியவை

"4கே ஆதரவு"ன்னா 4கே படத்தை ஏத்துக்கும்னுதான் அர்த்தம். சுவர்ல விழறது மெஷினோட சொந்தப் புள்ளி அளவுலதான். சினிமாவுக்கு 1280 x 720 போதும்னு சிலர் சமாளிச்சுக்கலாம், எக்செல் கட்டத்துக்கும் டிராயிங்குக்கும் 1920 x 1080 வேணும்.

தூர விகிதம் 1.2னா, படத்தோட அகலத்தை 1.2ஆல பெருக்கின தூரத்துல வைக்கணும். 1.77 மீட்டர் அகலத்துக்கு 2.1 மீட்டர், அதாவது ஏழு அடி. நம்ம பத்துக்குப் பத்து அறைக்குச் சரியா இருக்கும். கோணலா வெச்சுட்டு "கீஸ்டோன்"ல சரி பண்ணினா புள்ளிகள் வீணாகி எழுத்து மங்கும். நேரா வைக்கிறதே நல்லது.

பழைய விளக்கு புரொஜெக்டர்ல விளக்கு பொதுவா 3,000 முதல் 5,000 மணி நேரம். எல்இடிக்கு 20,000 மணிக்கு மேல சொல்றாங்க. கையடக்க டிஎல்பி வகையும் இருக்கு. 1987ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் கண்டுபிடிச்ச நுண்ணிய கண்ணாடிச் சில்லு அதுக்குள்ள இருக்கு. கைக்கு அடக்கம், பேட்டரி உண்டு. ஆனா பேட்டரியில ஓடும்போது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைச்சுத்தான் ஓடும். நாங்க பார்த்தது 45,000, மாமா கணக்குக்கு வெளியே.

மலிவு மெஷின்கள்ல ஓடிடி செயலி சில சமயம் ஓடாது, ஓடினாலும் மங்கலாத்தான் ஓடும், உரிமச் சான்று இல்லாததால. கடையிலயே போட்டுப் பார்த்துடுங்க.

இப்போ நம்ம பாடம்

நாலு வருஷம் ஓடும், அப்புறம் 4,000க்குப் போகும்னு வெச்சா, 24,000 மெஷினுக்கு வருஷத் தேய்மானம் 5,000. ஓசூர்ல ஒரு நாள் வாடகை 800 கேட்டாங்க. 5,000ஐ 800ஆல வகுத்தா ஆறேகால். வருஷத்துக்கு ஏழு நாளாவது தேவைப்பட்டா வாங்கறது லாபம், அதுக்குக் கீழன்னா வாடகைக்கே எடுத்துடலாம்.

மாமா, "ஜிஎஸ்டி திரும்ப வந்துடும்ல மாப்ள"ன்னார். புரொஜெக்டருக்கு 28 சதவீதமா இருந்த வரி 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 சதவீதம். 24,000ல வரி மட்டும் 3,661. ஆனா பாதி தொழிலுக்கு, பாதி சொந்தத்துக்குன்னா தொழில் பங்குக்கு மட்டும்தான் வரவு எடுக்கலாம்னு சட்டம் தெளிவா இருக்கு. சரி, பங்கு எவ்வளவு? பட்டறையில மாசம் ரெண்டு நாள், நாளுக்கு ரெண்டு மணி: வருஷம் 48 மணி. வீட்டுல வாரம் ரெண்டு படம், ரெண்டரை மணி: வருஷம் 260 மணி. மொத்தம் 308ல 48. பதினாறு சதவீதம் கூட இல்லை. வரவு சுமார் 570 ரூபாய்!

இந்தக் காகிதத்தைப் பார்த்துட்டு மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சிரிச்சுட்டார். "அப்போ இது வீட்டுச் சாமான்தான்னு சொல்ற."

ஆமாம். பட்டறைக்கு மட்டும்னா 43 இன்ச் டிவி போதும். பகல் வெளிச்சத்துலயே தெரியும், லேத்தை நிறுத்த வேண்டாம், பதினோரு பேரும் பக்கத்துல நின்னே பார்த்துடலாம். மாமாவுக்கு நிஜமா வேண்டியது வேற. அவர் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தா அத்தை ஒரு போன், பசங்க ஆளுக்கொரு போன். ஆயாவுக்குக் கண் புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து சின்ன எழுத்தும் சின்ன முகமும் பிடிபடலை. 2006ல ஆரம்பிச்ச அரசுத் திட்டத்துல வந்த இலவசக் கலர் டிவி முன்னாடி ஒரு காலத்துல தெருவே உட்கார்ந்திருக்கும்னு ஆயா இப்பவும் சொல்லும். எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்து உட்காரணும், அதுதான் மாமாவோட ஆசை. தொழிலுக்குன்னு சொன்னா செலவு நியாயமாத் தெரியும்னு நினைச்சிருக்கார்.

"வீட்டுக்குன்னு சொல்லியே வாங்குங்க மாமா, அதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா சம்பளப் பணத்துல வேண்டாம். பில் வந்தப்புறம் உங்க சொந்தக் கணக்குல வாங்குங்க, ஜிஎஸ்டி வரவும் எடுக்காதீங்க"ன்னு சொன்னேன். பசங்க, மொட்டை மாடியில ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிப் படம் காட்டலாம்னு இடையில ஒரு யோசனை விட்டாங்க. அதுக்குப் பதிப்புரிமை அனுமதி வேணும், 1955ம் வருஷத் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமமும் வேணும்னு சொல்லி வின்சென்ட் ஆகிற கனவைக் கலைச்சுட்டேன் :)

பில் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு. அதே 24,000 ரூபாய் வகைதான் வாங்கினார். ஒரு விஷயத்தை நான் கணக்குல எழுதலை, ஆயாதான் சொல்லுச்சு: "விளக்கை அணைச்சா நான் எப்படிச் சமையக்கட்டுக்குப் போறது, விழுந்துட மாட்டேனா?" அதனால படச் சுவருக்கு எதிர்ப்பக்கம், தரையோட ஒட்டி, ஒரு ஜீரோ வாட் பல்பு. சுவர்ல விழற வெளிச்சம் அஞ்சு லக்ஸ் கூட இல்லை, ஆனா நடக்கிற வழி தெரியுது. வீட்டுல வயசானவங்க இருந்தா புரொஜெக்டரோட இதையும் சேர்த்து வாங்கிடுங்க, இருபது முப்பது ரூபாய்தான் ஆகும்.

பட்டறைக்கு இன்னும் எதுவும் வாங்கலை. இப்போதைக்கு டிராயிங்கைப் பெரிசா பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்காங்க. தமிழ், தெலுங்கு, இந்தி மூணுலயும் கீழ எழுதியிருக்கு. ஒடியாவுல எழுத ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த தடவை வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம்.