கோவைக்கு நேர் தெற்கே

கோவையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், இந்தியப் பெருங்கடலைத் தாண்டிச் சுமார் 9,000 கிலோமீட்டரில் அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளை ஒட்டிப் போய்ச் சேரும். 2012இல் இந்தியா திறந்த பாரதி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 134 சரக்குக் கொள்கலன்களை அடுக்கிக் கட்டியது. தீர்க்கரேகை ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டு இடத்துக்கும் உச்சிப்பொழுதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஜூன் மாதம் முழுக்க பாரதியில் சூரியன் தலைகாட்டாது.

இந்தியாவின் முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவில் கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. பின்னர் எழுந்த தட்சிண கங்கோத்ரி ஆய்வு நிலையம் மெல்ல மெல்லப் பனிக்குள் புதைந்துபோனது; 1989இல் மைத்ரி நிலையத்தைப் பாறைத் தரை பார்த்துக் கட்டினார்கள். புதைந்துகொண்டிருந்த அந்த நிலையத்தில் 1987 முதல் 1989 வரை குளிர்காலக் குழுவை நடத்தியவர் திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் கணேசன்.

சினிமா அண்டார்க்டிகாவுக்கு இதற்கெல்லாம் முன்னதாகவே போய்விட்டது. 1910இல் பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவுடன் கிளம்பிய படப்பிடிப்பாளர் ஹெர்பர்ட் பான்டிங், பகலில்லாத மாதங்களில் மரக்குடிலுக்குள் மாய விளக்குப் படங்களைக் காட்டி, கூட இருந்தவர்களுக்கு ஜப்பான் கதை சொன்னார். அதே காலத்தில் இங்கே சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டிவிட்டு, 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைத் திறந்தார்.

பான்டிங் படம்பிடித்தது சாகச வீரர்களை. நியூசிலாந்துக்காரர் ஆன்டனி பவல் 2013இல் வெளியிட்ட 'அண்டார்க்டிகா: எ இயர் ஆன் ஐஸ்' படத்தில் வருபவர்கள் கடைக்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், அலுவலக ஊழியர்கள். பவலே அங்கு தகவல் தொடர்புத் தொழில்நுட்பராக இருந்தவர். சாதாரண கேமரா உறைந்துவிடும் என்பதால் கருவிகளைத் தானே தட்டிக்கொட்டிச் செய்துகொண்டார். குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி விமானம் போனபின் மாதக்கணக்கில் வேறு முகம் கிடையாது. பேச்சின் நடுவிலேயே சொல்ல வந்தது மறந்துபோகும். தைராய்டு சுரப்பு மாறுவதால் வரும் மறதி இது என்கிறார்கள். வீரர்களின் கதையைவிட இந்த மறதிக்காரர்களின் பேச்சுதான் அந்தக் கண்டத்தை நமக்குக் கிட்டத்தில் கொண்டுவருகிறது.

நம் நிலையங்களிலும் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள், வெல்டிங் வைத்தவர்கள், சமைத்தவர்கள் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் பேச்சைக் கைப்பேசியிலாவது பதிவு செய்து வையுங்கள்.