அட்டவணையில் இல்லாத மாவட்டம்

பத்திரிகைத் தொழிலில் நான் செய்த பிழைகள் பல, மறுநாள் திருத்தத்தோடு மறக்கப்பட்டுவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்தச் செய்தியில் அச்சிடப்பட்ட எண்கள் எதுவும் தவறல்ல.

2008 ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். குடும்ப வருமான, செலவு ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. 2002 இல் 22.7 சதவீதமாயிருந்த வறுமை, 2006/07 இல் 15.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 'நாட்டில் வறுமை வீழ்ச்சி' என்று தலைப்பிட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இலங்கைத்துறை முகத்துவாரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார்.

"தம்பி, எங்கட திருகோணமலைக்கு எத்தனை வீதம் எண்டு பேப்பரில காணேல்லையே. நாங்கள் நாட்டுக்குள்ள இல்லையோ?"

"பாத்துச் சொல்லுறன் ஐயா" என்றேன்.

அறிக்கையை மீண்டும் புரட்டினேன். வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பு இருந்தது. 2002 ஆய்விலோ வடக்கும் கிழக்கும் முழுவதுமாகவே இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எதையும் மறைக்கவில்லை. குறிப்பை வாசிக்காமல் 'நாடு' என்று எழுதியவன் நான்.

ஆசிரியரின் ஊர் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பக்கத்தில் இருக்கிறது. 2006 இல் மாவிலாற்றில் மூண்ட போர் அப்பகுதி மக்களை வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் துரத்தியது. அரிசி வாங்கக் காசின்றி அவர்கள் முகாம்களில் இருந்த அதே காலத்தில்தான் நாட்டின் வறுமை அளக்கப்பட்டது.

போர் மட்டும் காரணமன்று. இத்தகைய ஆய்வுகள், குடிசன மதிப்பின்போது தயாராகும் வீட்டுப் பட்டியலிலிருந்தே மாதிரிக் குடும்பங்களைத் தெரிவு செய்கின்றன. 1981 க்குப் பின் 1991 இல் குடிசன மதிப்பு நடக்கவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. திருகோணமலை அவற்றில் இல்லை. நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012 இல்தான். 1981 இல் சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரமாயிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, அப்போது சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆகியிருந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் வந்தவர், போனவர், மாண்டவர் பற்றி நம்மிடம் இருந்தவை மதிப்பீடுகளே. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியபோதும் அதே நிலைதான். அலை வந்துபோன பிறகே அவசரமாக எண்ணினார்கள்.

வெற்றிடம் நிரம்பியபோது என்ன தெரிந்தது? 2009/10 இல் நாட்டின் வறுமை 8.9 சதவீதம், திருகோணமலையில் 11.7. 2012/13 இல் முதன்முறையாக எல்லா மாவட்டங்களும் ஆய்வுக்குள் வந்தன. நாட்டின் வறுமை 6.7 சதவீதமாக இருக்க, முல்லைத்தீவில் அது 28.8 ஆக இருந்தது. எண்ணப்படாத இடங்கள் தற்செயலாக விடுபட்டவை அல்ல. துயரம் மிகுந்திருந்த இடங்களே கணக்கிலிருந்து விடுபட்டிருந்தன.

ஐக்கிய நாடுகள் சபையின் சிறிய தீவு நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. ஆயினும் அந்நாடுகளின் கவலை நமக்குப் புதிதன்று. மாலைதீவு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் மாலேயில் வாழ்கின்றனர். தேசிய சராசரி தலைநகரின் பக்கம் சாயும்போது, தொலைதூரத் தீவின் குடிநீர்ப் பஞ்சம் அதற்குள் கரைந்துவிடும். 2024 இல் அன்டிகுவாவில் கூடிய தீவு நாடுகள் தமக்கென ஒரு தரவு மையம் வேண்டும் என்று உடன்பட்டது இதனால்தான்.

மையங்களும் கணினிகளும் வரட்டும். 2015 இல் உலகம் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் அடிப்படை வாக்குறுதி, எவரையும் பின்தள்ளிவிடுவதில்லை என்பது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால், எத்தனை பேர் எண்ணப்பட்டார்கள் என்பதோடு யார் எண்ணப்படவில்லை என்பதும் அட்டவணையிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆசிரியரை மறுநாள் அழைத்து, "அறிக்கையிலேயே இல்லை ஐயா" என்றேன்.

"அப்ப, இல்லை எண்டதையாவது எழுதுங்கோ தம்பி" என்றார்.

செய்தி பழையதாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்து இங்கே எழுதுகிறேன்.