ஜெயில் ரோடு பட்டதாரிகள்

மேற்கு டெல்லியில் ஹரி நகர், ஜனக்புரி பக்கம் போகிறவர்களுக்கு ஜெயில் ரோடு வெறும் விலாசம்தான். துணிக்கடை, இனிப்புக்கடை, கல்யாணக் கூட்டம் என்று எல்லாம் உண்டு. திடீரென ஒரு நீண்ட மதில் குறுக்கிடும்போதுதான் பெயரின் காரணம் புரிகிறது. திகார் சிறை 1958 முதல் இங்கே இருக்கிறது. வாசலில் காவலர்கள் தமிழில் பேசிக்கொள்வது முதல் தடவை வருகிற தமிழர்களைத் திகைக்க வைக்கும். திகாரின் பாதுகாப்பில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்குப் பல ஆண்டுகளாகவே பங்கு உண்டு.

மதிலுக்குள் ஒரு கல்லூரியும் இருக்கிறது. கிரண் பேடி சிறைத் துறை ஐ.ஜி.யாக இருந்த 1994இல், இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இங்கே படிப்பு மையம் தொடங்கியது. எழுத்தறிவுள்ள கைதிகள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. கைதிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று பல்கலைக்கழகம் 2010இல் முடிவு செய்தது. அடுத்த ஆண்டே நிறுவனங்கள் உள்ளே வந்து நேர்முகத் தேர்வு நடத்தின. கேம்பஸ் இன்டர்வியூ என்றே அதற்குப் பெயர். 2014இல் கைதிகள் சமைத்துப் பரிமாறும் உணவகம் ஜெயில் ரோட்டில் திறக்கப்பட்டபோது டெல்லிவாசிகள் ஆர்வமாகப் போய்ச் சாப்பிட்டார்கள். கைதி கையால் சாப்பிடலாம், ஆனால் கைதியை வேலைக்கு வைக்கலாமா என்றால் அதே டெல்லிவாசி யோசிப்பார்.

பட்டம் கையில் இருக்கிறது, விடுதலையும் ஆகிவிட்டது. பிறகுதான் படிவம் வருகிறது. அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்கு இருந்ததா என்றும் கேட்கும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பின்னால் விடுதலையானாலும் அந்தக் கேள்விக்கு அவர்களின் பதில் 'ஆம்'தான்.

டெல்லி போலீசில் தலைமைக் காவலர் பணிக்கு 1999இல் விண்ணப்பித்த ஓர் இளைஞரின் கதை இது. குடியிருந்தவரோடு நடந்த குடும்பத் தகராறில் அவர் மீதும் வழக்கு இருந்தது. சமரசமாகி, விடுதலையும் ஆகியிருந்தார். விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை என்று வேலை மறுக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளம் வயதுத் தவறுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்ற நீதிபதிகள், ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் முத்திரை சுமந்த விக்டர் ஹியூகோவின் ழான் வால்ழானை நினைவுகூர்ந்தார்கள். நமக்கு அவர் 1950இல் 'ஏழை படும் பாடு' படத்தில் நாகையாவாக வந்தவர்.

தீர்ப்பு வர பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. வேலை தேடுகிற எத்தனை பேரால் அவ்வளவு காத்திருக்க முடியும்?

2016இல் மூன்று நீதிபதிகள் அமர்வு விதிகளைத் தொகுத்தது. சின்ன வழக்கை மறைத்ததை நிறுவனம் மன்னிக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னவரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டம் தரும் ஆதரவு குறுகியது. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டம். சிறார்களின் பதிவுகளை, சில கொடுங்குற்றங்கள் தவிர, அழிக்கச் சொல்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். சிறை சென்று திரும்பிய வயது வந்தவருக்குப் பழைய பதிவை அழிக்கப் பொதுவான வழி எதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: முன் அனுபவம். திகார் பேக்கரியில் பல வருடம் ரொட்டியும் பிஸ்கட்டும் சுட்டவர் அங்கே என்ன எழுதுவார்? அந்தப் பொருட்கள் டி.ஜே. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தவை. 'டி.ஜே. பேக்கரி' என்று எழுதினால் அது உண்மைதான். விரிவாக்கம் கேட்காத முதலாளியாகக் கிடைக்க வேண்டும்.