மருமகன் போட்ட கணக்கு

என் அக்கா மகன் எழுதிக்கொண்டு வந்த கணக்கு சரி. சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தப்பு என்று சொன்னேன். நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தீர்ப்பு சொல்லப்போகிறவர் நீங்கள். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈபியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா படித்தவன். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வரை கரிசல் காட்டுக்குள் எந்த ஓடையோரம் கம்பம் சாயும், எந்த டிரான்ஸ்பார்மர் கோடையில் கொதிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கரண்டைப் பற்றித் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பென்ஷனைவிட அந்த மரியாதையே எனக்குப் பெரிதாக இருந்தது. அது போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

மருமகன் பத்தாவதோடு நின்றவன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறான். 2022 ஏப்ரலில் டீசல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. அவனுடைய பழைய வண்டி செலவு வைக்க ஆரம்பித்திருந்தது. புது வண்டி எடுத்தே ஆக வேண்டும். டீசலா, கரண்டா என்று அவனாகவே யோசித்திருக்கிறான். ஒரு ரூல்டு நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு, ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தான்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க. நீங்க சரின்னு சொன்னா எடுத்துருவேன்."

நான் சரி என்று சொன்னால். அந்தச் சொல்லை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு முழுவதையும் அவன் என் கையில் கொடுத்தான்.

தாளில் இருந்ததைச் சொல்கிறேன். வாடகைக்கென்றே 2021-ல் டாடா கொண்டுவந்த எக்ஸ்பிரஸ்-டி. பேட்டரி 21.5 கிலோவாட் மணி. கம்பெனி சொல்லும் தூரம் 213 கிலோமீட்டர். பக்கத்தில் அவன் "நம்ம வெயிலுக்கு, ஏசிக்கு 140" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தான். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர். அவன் ஓட்டம் நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். கழுகுமலை, எட்டயபுரம், சங்கரன்கோவில், எப்போதாவது திருநெல்வேலி. மதுரை போய்வர இருநூறு ஆகும் என்பதால், ஆஸ்பத்திரி ட்ரிப்பில் காத்திருக்கும் நேரத்தில் அங்கேயே சார்ஜ் போட வேண்டும் என்றும், இடம் கிடைக்காவிட்டால் மதுரை சவாரியை நண்பனுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் எழுதியிருந்தான். மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் வாடகைக் காருக்கு ஒரு கிலோவாட் மணிக்குப் பத்தாயிரம் ரூபாய் மானியம் அப்போது இருந்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவனுக்கு இல்லை. அதையும் விசாரித்திருந்தான். தமிழ்நாட்டில் அப்போது சாலை வரியும் இல்லை. எல்லாம் கழித்துப் பார்த்தால் புது டீசல் காரின் விலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் பிசகு. யூனிட்டுக்கு 4 ரூபாய் 60 காசு என்று போட்டிருந்தான். அவன் வீட்டு அட்டையில் இருந்த கட்டணம் அது. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு அப்போது 6 ரூபாய் 60 காசு. கார் வந்தால் கட்டாயம் தாண்டும். அவனுக்கு அது தெரியவில்லை.

என் கண் நேராக அங்கேதான் போனது.

இந்த இடத்தில் நான் அவசரப்படாமல் சொல்ல வேண்டும். அந்தப் பிசகைப் பார்த்த உடனே மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நாற்பது வருசப் பழக்கம், தானாக நடக்கும். ஆறரை கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 60 காசு என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான். நாளைக்கே கட்டணம் இரண்டு மடங்காகி யூனிட் 13 ரூபாய்க்குப் போனாலும் இரண்டு ரூபாய். டீசலில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தாலும் ஐந்து ரூபாய். அவன் பிசகைத் திருத்தினாலும் கணக்கு நிற்கிறது. டீ ஆறுவதற்குள் இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது.

தாளைத் தூக்கிப் பிடித்தேன். "ஏலே, ஐந்நூறு யூனிட்டுக்கு மேல என்ன ரேட்டுன்னு தெரியுமால ஒனக்கு?" என்றேன். முழித்தான். "ரேட்டே தெரியாதவன் கரண்டு கார் எடுக்கப் போறானாம்" என்று ஸ்டாண்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். ஈபி சார் சிரித்தால் அவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா?

அதோடு நிறுத்தவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் வேலூரில், சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் மூச்சுத்திணறி ஒரு தகப்பனும் மகளும் செத்துப்போயிருந்தார்கள். அந்தச் சாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "ஒனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு" என்றேன். ஸ்கூட்டர் பேட்டரி வேறு, கார் பேட்டரியின் பாதுகாப்பு வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யாரோ பெற்ற பிள்ளையின் சாவை ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்கு எடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.

மூன்றாவது, எர்த். இதில்தான் என் படிப்பைக் காட்டினேன். "கரிசல் மண்ணு, கோடையில ஆள் கால் போற அளவுக்கு வெடிக்கும். எர்த் கம்பியச் சுத்தி மண்ணு விலகிரும். எர்த் சரியில்லன்னா கார் சார்ஜே ஏறாது" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லாமல் விட்டது அடுத்த வரி. குழியைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் நாலு நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் எர்த் நிற்கும். வேலைக்காலம் முழுக்க நான் செய்தது அதைத்தான். நோயைச் சொல்லிவிட்டு மருந்தை வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கர்வம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கர்வம் உண்மைதான். பத்தாவது படித்தவன் கரண்டைப் பற்றி எனக்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிட்டான். நான் அந்தக் காரைப் பற்றி ஒரு வரியும் படித்திருக்கவில்லை. ஆனால் கர்வம் என்பது கேட்க நன்றாக இருக்கும் குற்றம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தாளின் பின்பக்கத்தில், கடைசியில், "லோனுக்கு ஜாமீன் – மாமா?" என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தான். பேங்கில் ஜாமீன் கேட்டிருக்கிறார்கள். என் பென்ஷனுக்கு அந்த மதிப்பு உண்டு. நான் கையெழுத்துப் போட பயந்தேன். மாட்டேன் என்று அக்கா மகனிடம் சொல்லவும் பயந்தேன். கார் உருப்படாது என்று சொல்லிவிட்டால் இரண்டையும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் சொன்னேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி மாமா" என்றான். தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். அடுத்த மாதம் ஒரு தனியார் பைனான்ஸில், ஜாமீன் கேட்காத இடத்தில், கூடுதல் வட்டிக்கு டீசல் கார் எடுத்தான்.

அந்த வருசம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. ஆயிரம் யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட்டுக்கு 11 ரூபாய். டீக்கடையில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றேன். 11 ரூபாயிலும் அவன் கணக்கு நிற்கிறது என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.

விலை என்னவென்று சொல்கிறேன். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு டீசலுக்கும் கரண்டுக்கும் நடுவே எட்டாயிரம் ரூபாய் போகிறது. அந்த எட்டாயிரத்துக்காக ராத்திரி ட்ரிப் எடுக்க ஆரம்பித்தான். விடியற்காலை ரயிலுக்கு ஆள் இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்து அங்கேயே தூங்கிவிட்டு, காலையில் ஸ்கூல் சவாரிக்குப் போகிறான். என் அக்காவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது, டியூ கட்டத்தான். திருப்பினானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. ஸ்டாண்டில் அவனுக்கு "பேட்டரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பேட்டரி வந்துட்டான்", "பேட்டரி சார்ஜ் இறங்கிட்டான்". அந்தப் பெயர் என் சிரிப்பிலிருந்து பிறந்தது. ஃபேம் மானியம் 2024 மார்ச் 31-ஓடு முடிந்துபோனது. பிறகு வந்த மத்தியத் திட்டத்தில் கார்களுக்கு மானியம் இல்லை. அவன் காருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு லட்சத்தை இனி யாராலும் வாங்கித்தர முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் பொல்லாத மாமன் என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

2024-ல் எனக்கே ஒரு மின்சாரக் கார் வேண்டும் என்று ஆசை வந்தது. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் தொழிற்சாலைக்கு அந்த வருசம் பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். நம் மாவட்டத்திலேயே கரண்டு கார் செய்யப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஈபி சார் வீட்டு வாசலில் முதலில் நிற்க வேண்டாமா? சுற்றுச்சூழல் என்று பையனிடம் சொன்னேன். கயத்தாறு காற்றாலை சுற்றுகிற ஊரில் டீசல் எதற்கு என்று நண்பர்களிடம் சொன்னேன். ஆடியில் காற்று அடிக்கும். மார்கழியில் என் வீட்டுக்கு வருவதில் பெரும்பகுதி நிலக்கரிக் கரண்டு. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உட்கார்ந்தபோது பீரோவைத் திறந்து அவன் தாளை எடுத்தேன். வேறு கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. கார் வேறு என்பதால் பேட்டரி அளவை மாற்றினேன். புதுக் கட்டணத்தைப் போட்டேன். மற்றதெல்லாம் அவன் போட்ட வழிதான்: மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பது, மதுரை தூரத்தைத் தனியாகப் பார்ப்பது, எல்லாமே. அதை என் கையெழுத்தில் ஒரு நல்ல தாளில் எழுதி, சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் காட்டினேன். ஈபியில் இருந்த அனுபவம் என்று பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரி மட்டும், "இது அவன் அன்னைக்குக் கொண்டாந்த கணக்குத்தான?" என்றாள். "கணக்குன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திருநெல்வேலி ஷோரூமுக்கு என்னைக் கூட்டிப்போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். அவன் டீசல் காரில். இடைசெவல், கயத்தாறு தாண்டும்போது இருபுறமும் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் காரைப் பற்றி நல்ல கேள்விகளாகக் கேட்டுக்கொண்டு வந்தான். நான் தெரிந்தவனைப் போலப் பதில் சொன்னேன். பதில்களும் அவன் தாளில் இருந்தவை. வாடகை கொடுக்கப் போனேன். மாமாவிடம் வாங்குவதா என்று மறுத்துவிட்டான். வற்புறுத்தவில்லை.

கார் வந்த வாரமே எர்த் குழி தோண்டினேன். கரி, உப்பு, தண்ணீர்.

நான் ஓட்டுவது எவ்வளவு தெரியுமா? கோயில், கல்யாணம், மாதம் ஒருமுறை திருநெல்வேலியில் கண் டாக்டர். அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் கார் போதும். மிச்சமாகிற காசில் கூடுதல் விலை இந்த ஜென்மத்தில் திரும்பாது. கரண்டு கார் யாருக்கு லாபம் என்றால் தினம் ஓடுகிறவனுக்கு. ஓடுகிறவன் டீசல் போடுகிறான். ஓடாத நான் நிழலில் நிறுத்தித் துடைக்கிறேன். வாங்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் சரியான பதில் ஒன்றுதான் இருந்தது, அதை இரண்டு பக்கமும் புரட்டிப் போட்டது நான்.

2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் ஆலையைத் திறந்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மருமகன் வீட்டுக்கு வந்தான். அவன் கடன் 2027-ல் முடிகிறது. அடுத்த வண்டியைப் பற்றி இப்போதே யோசிக்கிறான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, உண்மையில யூனிட்டுக்கு எத்தன கிலோமீட்டர் குடுக்கு?"

உண்மையைச் சொன்னால் அவன் பழைய தாளில் எழுதியது குறைவு என்று ஆகிவிடும். அவன் அன்றைக்குப் பயந்து பயந்துதான் கணக்குப் போட்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தத் தாள் எங்கே என்று கேட்பான். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. 2022-ல் ஓடிய அதே வேகத்தில்.

"ஆறு வரும்ல" என்றேன்.

தலையை ஆட்டினான். ஆறு என்றால் தன் கணக்கைவிடக் குறைவு என்று மனதில் கழித்திருப்பான். காபி குடித்துவிட்டுப் போனான். ஜாமீன் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கேட்டால் போடுவேனா என்று இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். போடுவேன் என்று அடித்துச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்றை அவன் படிக்கும்படி இங்கே அச்சில் போட்டுவிடுகிறேன். சின்னக் கார், 24 கிலோவாட் மணி பேட்டரி, ஏசி போட்டு, இந்த வெயிலில், யூனிட்டுக்கு எட்டு வருகிறது.