தனி டம்ளர்: பள்ளிக்கூடங்களில் எச்.ஐ.வி. பற்றிப் பேசப் போய் நாங்கள் கற்றுக்கொண்டது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரிடம் வெள்ளைத்தாளும் கலர் பென்சிலும் கொடுத்தோம். "எய்ட்ஸ்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணுதோ அதை வரைங்க" என்றோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்த தாள்களில் பாதிக்கு மேல் எலும்புக்கூடுகள். மண்டை ஓடு, பாம்பு, தூக்குக்கயிறு, கல்லறை. ஒரு பையன் மட்டும் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரை வரைந்து, கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டும் டம்ளரும் தள்ளி வைத்திருந்தான்.

"இது என்னப்பா?"

"அவருக்குத் தனி டம்ளர்ண்ணா. நம்ம டம்ளர்ல குடிச்சா நமக்கும் ஒட்டிக்கும்ல?"

எங்கள் குழுவில் நான்கு பேர். நான்கு பேருமே சேரியில் பிறந்து வளர்ந்தவர்கள். தனி டம்ளர் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் டீக்கடையில் கொட்டாங்குச்சி. அப்பா காலத்தில் கடைக்கு வெளியே தனியாக வைத்த டம்ளர், குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். எங்கள் காலத்தில் பிளாஸ்டிக் கப் வந்தது, சில கடைகளில் அது யாருக்கு வந்தது என்பதையும் பார்த்திருக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பியூன் மேலிருந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான். உட்கார வீட்டிலிருந்தே ஒரு கோணிச் சாக்கு கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பையன் வரைந்ததை எச்.ஐ.வி. பற்றிய அறியாமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எங்களால் முடியவில்லை. கிருமி எப்படிப் பரவும் என்று அவனுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் ஒருவரை ஒதுக்க வேண்டுமென்றால் எப்படி ஒதுக்குவது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தட்டைத் தனியாக வை, டம்ளரைத் தனியாக வை, தள்ளி உட்கார். இதை அவனுக்கு எந்தச் சுகாதாரத் துறையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர் பெண்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தெரியவந்தது. அந்தப் பெண்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. நோய் அவர்கள் பெயரிலேயே தங்கிவிட்டது. பிறகு லாரி ஓட்டுநர்கள் பெயரில். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது, விழிப்புணர்வு வேலைகள் பெருகின. அவற்றால் நன்மை நடந்தது, மறுக்க மாட்டோம். ஆனால் தொண்ணூறுகளில் பள்ளிச் சுவரில் நாங்கள் பார்த்த படங்கள் பயமுறுத்தத்தான் செய்தன. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. அடுத்து புள்ளிராஜா விளம்பரம் வந்தது. வகுப்பில் ஒல்லியாக இருந்த பையனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தவர்களில் நாங்களும் உண்டு.

இன்றைய நிலைமை வேறு. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். தினமும் தவறாமல் சாப்பிடுகிறவர் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், நீண்ட காலம் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு வழியாகக்கூட அது அடுத்தவருக்குப் போகாது. கர்ப்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் தொற்றில்லாமல் பிறக்கின்றன. தொடுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், கொசு கடிப்பதால் என்றைக்குமே பரவியதில்லை. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பின் மனதில் இன்னும் அந்தச் சுவரொட்டிதான் ஒட்டியிருக்கிறது.

நாங்கள் செய்த தவறு

சமூகவியல் படித்தவர்கள், கூத்து தெரிந்தவர்கள், பறை அடிப்பவர்கள். எங்களுக்கு உடனே தோன்றியது நாடகம். இருபத்தைந்து நிமிடம். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு ஒரு பெயர் வைத்தோம். ஊர் அவரை ஒதுக்குகிறது, அவர் அழுகிறார், கடைசியில் ஊர்ப் பெரியவர் மனம் மாறி அவரை அணைத்துக்கொள்கிறார். ஆறு பள்ளிகளில் போட்டோம். பிள்ளைகள் அழுதார்கள், ஆசிரியர்கள் கைதட்டினார்கள், நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். ஆறாம் வகுப்பில் பாட்டியோடு இருக்கும் ஒரு சிறுமி. அப்பா அம்மா இருவரும் இல்லை. எங்கள் நாடகத்தில் வந்த பெயரை பிள்ளைகள் அவளுக்கு வைத்துவிட்டார்கள். பத்து நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குத் தொற்று இருக்கிறதா, அவள் பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. அவள் வீட்டுக்கும் போகவில்லை. நாங்கள் போய் நின்றால் அதுவே அடுத்த வதந்தியாகிவிடும். டீச்சர் மூலமாகச் சொல்லி அனுப்பினோம். பாட்டி டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க கண்ணு. ஆனா நாடகம் முடிஞ்சதும் நீங்க வண்டியேறிப் போயிட்டீங்க. இவ இங்கதான இருக்கணும்?"

அன்று இரவு நாங்கள் நான்கு பேரும் எங்கள் நாடகத்தைத் திரும்ப வாசித்தோம். வாசிக்க வாசிக்க வெட்கமாக இருந்தது. கதையில் தொற்றுள்ளவர் அழுவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. மன்னிப்பதும் அணைப்பதும் ஊர்ப் பெரியவர். நம் மக்களைப் பார்த்து "பாவம், அவங்களும் மனுஷங்கதானே" என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்! அதே வசனத்தைத்தான் நாங்கள் எழுதி, ஒத்திகை பார்த்து, மைக்கில் சொல்லியிருக்கிறோம். இன்னொன்று, ஒதுக்குகிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் யாரும் "இது நான்தான்" என்று நினைக்க அந்த நாடகத்தில் இடமே இல்லை. அடுத்தவருடைய சோகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, வெளியே வந்து ஒரு சிறுமிக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

காலி பெஞ்ச்

நாடகத்தைத் தூக்கிப் போட்டோம். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் எழுபதுகளில் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' முறையை எடுத்தோம். காட்சியைப் பாதியில் நிறுத்துவோம். பார்த்துக்கொண்டிருப்பவர் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தை மாற்றி நடிக்க வேண்டும். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் இதற்குச் சரியாகப் பொருந்தினான். காட்சியை நிறுத்துவதும், "ஏம்ப்பா, நீ அங்க இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கூட்டத்தைச் சீண்டுவதும் அவன் வேலை.

முக்கியமான மாற்றம் ஒன்று. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் வேடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. பெயரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு காலி பெஞ்ச். வகுப்புக்குள் ஒரு வதந்தி வருகிறது, அந்தப் பெஞ்சைச் சுற்றியுள்ளவர்கள் ஒவ்வொருவராக நகர்கிறார்கள். எங்கள் காட்சி அவ்வளவுதான். பிள்ளைகள் நடிக்க வேண்டியது நகர்கிறவர்களை, வதந்தியைச் சொல்கிறவரை, கேட்டும் பேசாமல் இருப்பவரை.

ஒரு பள்ளியில் ஒரு பையன் வாத்தியார் வேடம் எடுத்து வந்து, "எல்லாரும் அவன்கிட்ட பாசமா இருக்கணும், சரியா?" என்றான். கட்டியங்காரன் காட்சியை நிறுத்தி, "இப்ப எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்க்குறீங்க?" என்று கேட்டதும் வகுப்பே காலி பெஞ்சைப் பார்த்தது. பாசமாக இரு என்று சொல்வதே ஆளைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த ஒரு பெண் எதுவும் பேசவில்லை. நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, "ஸ்கேல் குடு" என்று கை நீட்டினாள்.

இன்னொரு காட்சியில் அம்மா மகளிடம், "அந்தப் பிள்ளையோட சேராத, அது குடுக்கிறத வாங்கித் திங்காத" என்பார். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி சொன்னாள்: "அக்கா, இத எய்ட்ஸுக்கு மட்டுமா சொல்றாங்க?"

ஊரும் காலனியும் ஒன்றாக உட்கார்ந்திருந்த வகுப்பு அது. யாரும் வாயைத் திறக்கவில்லை. உடனிருந்த ஆசிரியர் எழுந்து, "சாதி பத்தியெல்லாம் வேணாம், எச்.ஐ.வி. மட்டும் பேசுங்க" என்றார். நாங்கள் என்ன செய்தோம்? அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம். அனுமதி போனால் அடுத்த வாரம் உள்ளேயே வர முடியாது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. திரும்பும் வழியில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். அந்தச் சிறுமி ஒரே கேள்வியில் தொட்டதை, பட்டம் வாங்கிய நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்று ஒருவர், பிள்ளைகளை வைத்து நாம் வீரம் காட்டக்கூடாது என்று இன்னொருவர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஒன்று மட்டும் மாறியது. இப்போது எல்லாப் பள்ளியிலும் தண்ணீர்ப் பானையும் டம்ளரும் வைத்து ஒரு காட்சி இருக்கிறது. சாதி என்ற சொல்லை நாங்கள் உச்சரிப்பதில்லை. பிள்ளைகள் கேட்டால் காட்சியை நிறுத்துவதும் இல்லை.

பறையைத் தொடாத பையன்

பறை எங்களுக்கு விடுதலையின் இசை. நம் மேடைகளில் அப்படித்தான் சொல்கிறோம். ஒரு பள்ளியில் ஆளுக்கு ஒரு பறையைக் கொடுத்தபோது ஊர்ப் பையன்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நம் பையன் ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "எங்க அப்பா சாவுக்கு அடிக்கிறார்ண்ணா. அதச் சொல்லித்தான் இவனுங்க என்னைக் கேலி பண்றானுங்க. இப்ப இவனுங்களே அடிக்கிறானுங்க" என்றான்.

அவனிடம் பறையின் பெருமையைப் பற்றி உரை நிகழ்த்தத் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. ஒதுக்கலின் வலி உள்ளவனிடம் "நீ பெருமைப்பட வேண்டும்" என்று கட்டளையிடுவதும் சுமைதான். அவனுக்குப் பிடித்தது படம் வரைவது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் 2000-களின் தொடக்கத்தில் தங்கள் உடலின் ஆளுயர வரைகோட்டுக்குள் தங்கள் கதைகளை வரைந்தார்கள். உடல் வரைபடம் என்று அதற்குப் பெயர். நாங்கள் அதைக் கொஞ்சம் மாற்றி, ஒரு பொது உருவத்தைத் தரையில் வரைந்து, "பட்டப்பெயர் சொன்னா உடம்புல எங்க வலிக்கும்?" என்று கேட்கிறோம். யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டாம். அந்தப் பையன் உருவத்தின் காதுகளைக் கறுப்பாக்கினான். பறையைக் கேலி செய்தவர்களில் ஒருவன் நெஞ்சில் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கிறது.

உள்ளே போகப்போகும் தோழர்களுக்கு

இந்த ஆண்டும் டிசம்பர் 1 வரும். கல்லூரி மாணவர்கள் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகவோ, தனியாகவோ பள்ளிகளுக்குப் போவீர்கள். எங்களிடமிருந்து சில வார்த்தைகள்.

எந்தப் பிள்ளையையும் முன்னால் நிறுத்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்வி நிலையத்தில் பாகுபாடு காட்டுவதையும், ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதையும் அது தடை செய்கிறது. ஆசிரியர்களிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். "எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இருக்கான்" என்று யாராவது காதோடு சொல்ல வந்தால் நிறுத்துங்கள், பெயரைக் கேட்காதீர்கள்.

பாத்திரங்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். எலும்புக்கூடு வரைந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம், எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். ஒருமுறை போய்விட்டு வருவதாக இருந்தால் போகவே வேண்டாம். குறைந்தது நான்கு முறை போக முடிந்தால் போங்கள்.

போட்டோவை நம்பாதீர்கள். நான்கு மாதம் கழித்து அதே வகுப்பில் அதே படத்தை வரையச் சொன்னோம். எலும்புக்கூடுகள் குறைந்திருந்தன. மாத்திரை, மருத்துவமனை, பள்ளிக்கூடப் பை எல்லாம் வந்திருந்தன. தனி டம்ளர் வரைந்த பையனின் தாளில் இந்த முறை டம்ளர் இல்லை. உண்மையில் மனம் மாறினானா, எங்களுக்குப் பிடித்ததை வரைந்தானா, யார் கண்டது? அதனால் இப்போதெல்லாம் சத்துணவு நேரத்தில் போய் ஓரமாக நிற்கிறோம். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் தட்டிலிருந்து யார் முட்டையை எடுக்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

அந்தச் சிறுமி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். டீச்சர் பொறுமையாகப் பேசித்தான் கொண்டுவந்தார், எங்களால் அல்ல. இப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் நிகழ்ச்சி எதற்கும் அவள் வந்ததில்லை, வரச் சொல்லி நாங்களும் கேட்டதில்லை. போன மாதம் அதே பஸ் ஸ்டாண்டில் பாட்டியைப் பார்த்தோம். "இன்னும் அந்த நாடகம் போடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, வேற போடுறோம் என்றோம். "அத ஒருநாள் எனக்குக் காட்டுங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அடுத்த ஒத்திகைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறோம்.

ஜெய்பீம்.