சிறந்த வழி எது?

எண்ணிப் பார்த்தால், காலையில் கண் விழித்தது முதல் இரவில் கண்ணயரும் வரை நாம் செய்வதெல்லாம் ஒரே வேலைதான். பல வழிகளுள் சிறந்த வழி எது என்று தேடுகிறோம். தம்பானூரிலிருந்து காரியவட்டத்துக்கு எந்தப் பேருந்தில் ஏறினால் முதல் வகுப்புக்கு நேரத்தோடு வரலாம்? மாதக் கடைசியில் கையிலிருக்கும் பணத்தை எப்படிப் பங்கிட்டால் விடுதிக் கட்டணமும் கட்டி, ஒரு புத்தகமும் வாங்கலாம்? இந்தத் தேடலையே ஒரு கலையாக்கி, அதற்குக் கணிதம் வகுத்த துறைக்கு ஆப்டிமைசேஷன் என்று பெயர். தமிழில் உகப்பாக்கம் என்கிறார்கள்.

அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கணிதத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் நாகர்கோவில். தந்தையை இளமையிலேயே இழந்த என்னையும் என் தங்கையையும் படிக்க வைப்பவர், சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை நடத்தும் என் பெரியப்பா. இந்த ஆண்டு தை மாதத்தில் டெக்னோபார்க்கிலுள்ள ஒரு நிறுவனம் எனக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பிற்று. நம் வளாகத்திலிருந்து கூப்பிடு தூரம், கைநிறையச் சம்பளம். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "ஏல மக்கா, இத்தனை நாள் நீ கணக்கைப் படிச்சே. இனிமே அந்தக் கணக்கு சோறு போடணும்லா?" என்றார். அவர் கேட்டதில் என்ன தவறு? ஆயினும் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த நாட்களில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தது ஒரு தமிழரின் கல்வி வாழ்க்கையை. அவர் பெயர் ரவீந்திரன் கண்ணன். 1953ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1974இல் பி.டெக். பட்டம் பெற்றார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் 1980இல் முனைவரானார். எம்.ஐ.டி., கார்னெகி மெலன், யேல் ஆகிய இடங்களில் ஆசிரியராக இருந்து, பின்னர் பெங்களூருக்கு வந்து மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். 1991இல் புல்கர்சன் பரிசும், 2011இல் நூத் பரிசும் அவருக்குக் கிடைத்தன. பட்டமும் பரிசும் பலருக்கு உண்டு. என்னைக் கவர்ந்தவை அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளே. அவற்றுள் இரண்டை நான் என் பெரியப்பாவின் கடையில் வைத்தே புரிந்துகொண்டேன் என்றால் நண்பர்கள் வியப்படையக் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் அவருக்கு ஒத்தாசையாக இருந்தேன். வண்டியில் இன்னும் 100 கிலோவுக்கு இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெல்ல மூட்டை 60 கிலோ. லாபம் 300 ரூபாய். அரிசி மூட்டை 50 கிலோ. லாபம் 225 ரூபாய். எதை ஏற்றுவது? கிலோவுக்கு 5 ரூபாய் தரும் வெல்லமே மேல் என்று தோன்றும். வெல்லமாகவே ஏற்றினால் ஒன்றே முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். லாபம் 500 ரூபாய். ஆனால் மூட்டையை அறுத்தா ஏற்ற முடியும்? ஒரு மூட்டையோடு நிறுத்தினால் 300 ரூபாய்தான். இரண்டு அரிசி மூட்டைகளோ 450 ரூபாய் தரும்! பெரியப்பா இதைக் காகிதமின்றி நொடியில் சொல்லிவிட்டார்.

பின்னப்படுத்தலாம் என்றால் கணக்கு எளிது. 1947இல் டான்சிக் அதற்கொரு முறை வகுத்தார். 1979இல் ரஷ்ய அறிஞர் கச்சியான், அத்தகைய கணக்கு எத்துணைப் பெரிதாயினும் அளவான நேரத்தில் முடியும் என்று நிறுவினார். குவாலியரில் பிறந்த நரேந்திர கார்மார்க்கர் 1984இல் நடைமுறைக்கும் உகந்த வேறொரு வழி கண்டார். முழு மூட்டைதான் வேண்டும் என்றவுடன் கணக்கு முரண்டு பிடிக்கிறது. சரக்கின் வகை இரண்டென்றால் பெரியப்பா போதும். இருநூறென்றால் கணிப்பொறியும் திகைக்கும். வகைகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் இதற்கும் அளவான நேரத்தில் விடையுண்டு என்று ஹாலந்து நாட்டு லென்ஸ்ட்ரா காட்டினார். ஆனால் வகைகள் கூடக் கூட அவர் முறைக்கு வேண்டிய நேரம் காட்டுத் தீயெனப் பெருகிற்று. 1983இல் கண்ணன் அந்தப் பெருக்கத்தை வெகுவாகக் குறைத்தார். சிறு திருத்தங்கள் தவிர, 2023இல் ரைஸ், ராத்வாஸ் என்னும் இருவர் முந்தும் வரை, 40 ஆண்டுகள் அவர் போட்ட எல்லையே எல்லையாக நின்றது.

இதைச் சொன்னபோது பெரியப்பா, "ஒருத்தர் போட்ட கணக்கு நாப்பது வருஷம் நின்னுதா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு தராசின் பக்கம் திரும்பிவிட்டார்.

இரண்டாவது கேள்வி பைகளைப் பற்றியது. 5 கிலோ, 8 கிலோ என இரு அளவில் மட்டுமே அரிசிப் பைகள் உள்ளன. எந்த எடையைத் தர முடியாது? 27 கிலோ கேட்டால் தர முடியாது. 28 முதல் மேலே எந்த எடை கேட்டாலும் தரலாம். இரு அளவுகளையும் பெருக்கி, அதிலிருந்து இரண்டையும் கழித்தால் தர முடியாத மிகப் பெரிய எடை வரும்: 40இல் 5உம் 8உம் போக 27. இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. பெரியப்பா விடவில்லை. "சரி, மூணு வகைப் பை இருந்தா?" என்றார். அவர் கேட்டது உலகக் கணித அறிஞர்களை வாட்டிய கேள்வி! மூன்றென்றால் அப்படியொரு எளிய வாய்பாடு கிடையாது. பை வகைகள் எத்தனையாயினும், அந்த எண்ணிக்கை மாறாதிருக்குமானால், விடையை அளவான நேரத்தில் காணும் வழியுண்டு என்று 1992இல் நிறுவியவரும் கண்ணனே.

இவற்றினும் பெரும்புகழ் தந்தது வேறொன்று. நீளம், அகலம், உயரம் என மூன்று திசையன்றிப் பத்து, நூறு திசைகளிலும் கணிதத்தில் உருவங்கள் உண்டு. குழிவில்லாத ஓர் உருவத்தின் கொள்ளளவை எப்படி அளப்பது? அதை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறியலாம். எத்தனை உள்ளே விழுகின்றன என்று எண்ணலாம். சதுரத்துக்குள் அடங்கிய வட்டத்தில் நூற்றுக்கு 78 கற்கள் விழும். பெட்டிக்குள் அடங்கிய பந்தில் 52 விழும். பத்துத் திசையென்றால் ஆயிரத்துக்கு இரண்டு மூன்றுதான் தேறும்! நூறு திசையில் ஆயுள் முழுவதும் எறிந்தாலும் ஒன்றுகூடத் தேறாது.

'இந்தப் புள்ளி உள்ளேயா, வெளியேயா?' என்று மட்டும் கேட்டறியும் முறைகளில், தற்செயலின் துணையில்லாத எதுவும் அளவான நேரத்தில் கிட்டத்தட்ட விடையைக்கூடத் தர இயலாது என்று 1986இல் எலெக்கெஷ் காட்டிவிட்டார். வழி அடைபட்டது என்றே தோன்றிற்று. 1989இல் டயர், பிரீஸ், கண்ணன் ஆகிய மூவரும், தற்செயலையே துணையாகக் கொண்டால் வழி திறக்கும் என்று மெய்ப்பித்தனர். வெளியிலிருந்து கல்லெறிவானேன்? உருவத்தின் உள்ளேயே நின்று, மனம்போன போக்கில் ஒவ்வோர் அடியாக நடந்தால், விரைவிலேயே உள்ளே எங்கும் சமமாகப் பரவிவிடலாம். இதன் மூலம் கொள்ளளவை வேண்டிய அளவு நெருக்கமாகக் கணிக்கலாம்.

ஆனால் அம்முறைக்கு வேண்டிய நேரம் என்ன தெரியுமா? திசைகளின் எண்ணிக்கையின் 23ஆம் அடுக்கு! பத்துத் திசை என்றால் 1க்குப் பின் 23 சுழிகள். சாதாரணக் கணிப்பொறி எதுவும் அதைச் செய்து முடிக்காது. நகைத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். எவரும் ஒதுங்கவில்லை. அறிஞர் பலர் அந்த 23ஐப் படிப்படியாகக் குறைத்தனர். 1997இல் லோவாஸ், சிமோனோவிட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து கண்ணனே அதை 5ஆம் அடுக்குக்குக் கொண்டுவந்தார். பின்னர் வந்தோர் மேலும் குறைத்தனர்.

இதைப் படித்த இரவுதான் என் மனம் தெளிந்தது. முதலில் 'முடியும்' என்று காட்டுபவன் ஒருவன் வேண்டும். அவன் காட்டிய வழி கரடுமுரடாக இருக்கலாம். அதைச் செப்பனிடப் பின்னால் பலர் வருவர். அறிவுலகில் எனக்கும் ஓர் அடுக்கைக் குறைக்கும் சிறுபணி கிடைக்காதா?

இன்னொன்றும் விளங்கிற்று. எந்த உகப்பாக்க முறையும், எதைப் பெருக்க வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொன்ன பிறகே விடை தரும். சம்பளத்தைப் பெருக்கு என்றால் டெக்னோபார்க்கே விடை. அறிவைப் பெருக்கு என்றால் விடை வேறு. ஆனால் நான் தனி மனிதனல்லன். பெரியப்பாவின் தள்ளாமையும், தங்கையின் படிப்பும் என் கணக்கில் மீற முடியாத கட்டுப்பாடுகள். அவற்றை விலக்கிவிட்டுக் காணும் விடை, மூட்டையை அறுத்து ஏற்றிய லாபம் போன்றது. ஏட்டில் இருக்கும், வண்டியில் இராது.

ஆகவே பெரியப்பாவிடம் ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். தேசியத் தகுதித் தேர்வில் அதற்குரிய தகுதியோடு தேறினால் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை கிடைக்கும். 2023இல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தங்கையின் கல்லூரிச் செலவுக்கு அதிலிருந்து அனுப்ப இயலும். இருமுறை எழுதுவேன். இருமுறையும் தவறினால் மறுபேச்சின்றி வேலைக்குப் போவேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தோத்தாலும் எவ்வளவு தோப்போம்னு முன்னாலேயே தெரிஞ்சா அது நல்ல யாவாரம்தான். எழுது மக்கா" என்றார். கண்ணனைப் போன்றோர் ஏடு ஏடாக எழுதும் தத்துவம் இதுவேயன்றோ! மிகச் சிறந்த விடை கிட்டாதபோது, அதிலிருந்து எவ்வளவு தொலைவுக்குள் நிற்கிறோம் என்ற உறுதியாவது வேண்டும்.

நிறுவனத்துக்கு மறுத்து எழுதிவிட்டேன். முதல் தேர்வும் எழுதிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

தமிழ் மாணவத் தோழர்களே! நம் சங்கக் கூட்டங்களில் கவிதை கேட்கிறோம், பட்டிமன்றம் கேட்கிறோம். கணிதமும் தமிழில் பேசக் கேட்போமே! பலசரக்குக் கடையில் பேச முடிந்ததை நம் மன்றத்தில் பேச முடியாதா? தொடக்கமாக ஒரு கணக்கு: 6 கிலோ, 9 கிலோ, 20 கிலோ என மூவகைப் பைகள் உள்ளன. தர முடியாத மிகப் பெரிய எடை எது? விடை கண்டோர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, ஏன் என்பதையும் தமிழிலேயே விளக்குங்கள். பெரியப்பாவையும் அழைத்து வருகிறேன்.