கொசுவுக்குள் ஒரு பந்தயம்

2022 செப்டம்பரில் எங்கள் டீமில் இருக்கும் காத்மாண்டு நண்பர் திடீர் லீவு போட்டார். அம்மாவுக்கு டெங்கு. கீழே தராய்ச் சமவெளியில் வருகிற காய்ச்சல், 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு எப்படி வந்தது என்பதுதான் அவர் கேள்வி. நேபாளத்தில் முதல் டெங்கு பதிவானதே 2004இல்தான். 2022இல் 54,000 பேருக்கு மேல் வந்தது. 88 பேர் இறந்தார்கள்.

எங்கள் தொழிலில் 'ரேஸ் கண்டிஷன்' என்று ஒன்று உண்டு. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். எது முந்துகிறதோ அதைப் பொறுத்து விடை மாறும். ஏடிஸ் கொசுவுக்குள்ளும் அதே கதைதான். இரத்தத்தோடு உள்ளே போன வைரஸ், குடலைத் தாண்டி எச்சில் சுரப்பிக்கு வந்தால்தான் அடுத்த ஆளுக்குப் பரவும். 25 டிகிரியில் அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம் போதும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான். குளிர்ந்த ஊரில் பெரும்பாலும் வைரஸ் வந்து சேருமுன் கொசு செத்துப்போகும்.

கொசுவை மலைமேல் ஏற்றியதில் பஸ்ஸுக்கும் பழைய டயருக்கும் பங்குண்டு. அங்கே வைரஸை முந்தவிடுவது சூடு. ஒன்றிரண்டு டிகிரி என்பது நமக்கு ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டுகிற விஷயம். வைரஸுக்கு அது மிச்சமாகிற நாட்கள். டெங்குவையே பார்க்காத ஊரில் யார் உடம்பிலும் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது.